காரைக்குடி சர்வே கல்லுக்கு எந்த ஆயம்: நிலையானதா, நகர்வதா?

ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எதை அடிப்படையாக வைத்துக் குறிக்கிறோமோ அந்தச் சட்டகம்தான் ஆயம் (datum). நாம் நிற்கும் பூமியோட்டுத் துண்டான இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. காரைக்குடியில் ஊன்றிய கல்லும் கூடவே போகிறது. 20 வருஷத்தில் ஒரு மீட்டர்.

நிலை ஆயம் ஒரு தேதியில் கண்ட எண்களைத் தட்டோடு கட்டிப்போடுகிறது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டைப் பங்காளிகள் பாகம் பிரிக்க இதுதான் வசதி. பத்திரத்தில் ஏறிய எண் பேரன் காலத்திலும் மாறாது. ஊரே சேர்ந்து நகர்வதால் சுவருக்குச் சுவர் தூரமும் அப்படியே இருக்கும்.

நகரும் ஆயத்தில் கல் நகர நகர எண்ணும் மாறும்; அதனால் எண்ணோடு தேதியும் வேண்டும். செயற்கைக்கோளை மட்டும் நம்பி அளக்கும் துல்லியக் கருவி பூமி முழுவதற்குமான ஆயமாகிய ஐடிஆர்எஃப்-இல் (ITRF) இன்றைய எண்ணைத் தரும். அதைத் தேதி பார்க்காமல் பழைய வரைபடத்தில் வைத்தால் எல்லை பக்கத்து வீட்டுக்குள் போய் நிற்கும். (அப்புறம் பஞ்சாயத்துதான்.) ஆஸ்திரேலியா 1994 ஆயத்தை விட்டு 2020 ஆயத்துக்கு மாறியபோது எண்கள் சுமார் 1.8 மீட்டர் தள்ளின.

நியூசிலாந்து நடுவழியாக, எண்களை 2000-இல் நிறுத்தி, நில நகர்வு மாதிரியால் அன்றைக்கும் இன்றைக்கும் கணக்கைச் சரிக்கட்டுகிறது. நமக்கும் அதுவே சரி என்பேன். செட்டிநாட்டுக்குத் தட்டு மொத்தமாகச் சுழன்று நகரும் கணக்கே போதும். இமயமலையில் நிலமே நசுங்குவதால் இடத்துக்கு இடம் வேறு கணக்கு வேண்டும்.