ஸ்போர்ட்ஸ் அகாடமிக்கு எது செட் ஆகும்: வாட்ஸ்அப் குரூப்பா, அட்டெண்டன்ஸ் ஆப்பா, முழு ஹெச்ஆர் சாஃப்ட்வேரா?

வேளச்சேரி பக்கம் ஒரு தனியார் அகாடமில ஆபீஸ் வேலை பாக்குறேன், கோச், பிசியோ, கிரவுண்ட் ஸ்டாஃப்னு முப்பது பேர் இருக்கோம், மூணையும் ஓட்டிப் பாத்தாச்சு. லீவு, சம்பளக் கணக்கு பத்தி இங்க பேசல. ஆளுங்க புதுசா ஒண்ணு யோசிச்சு தைரியமா சொல்றது எதுல நடக்குதுங்கிறது தான் எனக்கு முக்கியம்.

வாட்ஸ்அப்ல யாரும் தயங்காம பேசுவாங்க. எங்க கிரவுண்ட் அண்ணனுக்கு டைப் பண்ண வராது, வாய்ஸ் நோட் தான். ஒரு டிசம்பர் ராத்திரி மழை விட்டதும், "தம்பி, கவர இழுக்கும்போது மேல நிக்கிற தண்ணி பிட்ச்லயே கொட்டுது, ஒரு பக்கமா சுருட்டி வெளிய வடிய விட்டா காலைல மேட்ச் ஆடிடலாம்"னு போட்டாரு. காலைல குட் மார்னிங் படமா வந்து குவிஞ்சதுல அது எங்கயோ மேல போயிடுச்சு, யாரும் கேக்கல. அடுத்த வருஷமும் அதே பிட்ச், அதே தண்ணி.

அப்புறம் முகத்த காட்டி, லொகேஷன் பாத்து அட்டெண்டன்ஸ் போடுற ஆப் வந்துச்சு. எல்லாரும் டைமுக்கு வந்தாங்க, அது உண்மை. ஆனா ஒரு கோச் கத்திரி வெயிலுக்கு முன்னாடியே ட்ரெய்னிங்க முடிச்சிடலாம், காலுக்கும் பலம் வரும்னு பசங்கள விடியக்காலைல எலியட்ஸ் பீச் மணல்ல ஓட விட்டாரு, ஆப் அவர 'இடத்துல இல்ல'ன்னு காட்டி அரை நாள் சம்பளத்த புடிச்சிடுச்சு, அதுக்கப்புறம் எந்த கோச்சும் பசங்கள கேட்ட தாண்டி கூட்டிட்டுப் போகவே இல்ல. எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம் இது. 1979ல வெளியான ஒரு ஆய்வுல தெரசா அமபிலேங்கிற சைக்காலஜிஸ்ட் காலேஜ் பொண்ணுங்கள பேப்பர் ஒட்டி படம் பண்ணச் சொன்னாங்க, யாரோ எடை போடப் போறாங்கன்னு தெரிஞ்சவங்க பண்ணதுல பொதுவா கற்பனை கம்மியா இருந்துச்சு. கண்காணிக்கிறாங்கன்னாலே மனுஷன் பழகின வழியில தான் போவான்.

முழு ஹெச்ஆர் சாஃப்ட்வேர்னா ஸ்டாஃப் விஷயம் எல்லாத்தையும் ஒரே இடத்துல பாத்துக்கிறது, நம்ம ஊரு ஜோஹோ பீப்பிள், ஹைதராபாத் டார்வின்பாக்ஸ், கேக்கா மாதிரி. இதுல எந்த பிராண்டுங்கிறது பெரிய விஷயமே இல்ல, எப்படி செட் பண்றோம்ங்கிறது தான். நாங்க ஐடியாவுக்குன்னு தனி ஃபார்ம் வச்சோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், யார் கையில இருக்கு, முடியாதுன்னா ஏன் முடியாது, எல்லாம் எழுதியே ஆகணும். பீச் ட்ரெய்னிங்குக்கு வெளி டியூட்டி ஆப்ஷனும் போட்டோம். ஐடியா எண்ணிக்கைய மட்டும் அப்ரைசல்ல சேக்கவே சேக்காதீங்க, சும்மா கணக்குக்கு எழுதித் தள்ளுவாங்க.

பத்து பேருக்குள்ள இருந்தா வாட்ஸ்அப்பும் ஒரு நோட்டும் தாராளமா போதும். அதுக்கு மேல போனா சாஃப்ட்வேர் தான், ஆனா டைப் பண்ண வராதவங்களுக்கு பக்கத்துல உக்காந்து எழுதித் தர ஒரு ஆள் வேணும். அண்ணனுக்கு நான் எழுதித் தர்றேன். போன மழைக்கு கவர அவர் சொன்ன மாதிரி தான் சுருட்டினோம், இப்போ வாரா வாரம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, "தம்பி, என் அடுத்த நம்பர் என்னாச்சு?"ன்னு கேக்குறாரு.