அம்மாவின் படுக்கைக்கு ஏழு மாதம் காத்திருந்தோம்

அம்மாவுக்கு 84 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. அரசு நடத்தும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 14 மாதமாக இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் மாலை நான் போய்ப் பார்க்கிறேன். அங்கே கிடைக்கும் பராமரிப்புக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தயங்காமல் கொடுப்பேன். ஆனால் உள்ளே இடம் கிடைக்கும் வழிக்கு ஒன்றரை கொடுப்பதே அதிகம்.

இந்த 14 மாதத்தில் அம்மாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தானாகப் புரள முடியாதவரை இரவிலும் சில மணிக்கு ஒருமுறை யாராவது வந்து பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாக வேண்டும். கட்டிலோடு தொங்கும் தாளில் நேரத்தையும் பக்கத்தையும் குறிக்கிறார்கள். ஒரு நாள் சொல்லாமல் விடியற்காலை 5 மணிக்குப் போய் நின்றேன். தாளில் 4:10, இடது பக்கம் என்று இருந்தது. அம்மாவும் இடது பக்கம்தான் படுத்திருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தூக்கும் கருவி இருக்கிறது. அதைப் பிடிக்க எப்போதும் இரண்டு பேர் வருகிறார்கள். அம்மாவின் பேச்சு குழறும். அங்கே வேலை செய்யும் பெண்கள் அவர் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள், நடுவில் எடுத்துக்கொடுப்பதில்லை. நானே இன்னும் அந்தப் பொறுமைக்கு வரவில்லை.

இனி அந்த ஏழு மாதம். காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தபோது அம்மா வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தார். பார்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது போல பத்து விஷயங்களைப் பார்த்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். அன்று அம்மாவுக்கு 65. நடுவில் ஒரு காய்ச்சல், மருத்துவமனை. காய்ச்சல் சரியானது, மருத்துவர் அனுப்பத் தயாராக இருந்தார், அனுப்ப இடம்தான் இல்லை. ஐந்து வாரம் அங்கேயே படுத்திருந்தார். அந்த வயதில் பத்து நாள் படுக்கையே கால் தசையைக் கரைத்துவிடும். இல்லத்தில் சேர்ந்த அன்று மதிப்பெண் 35. வாக்கரை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

முதல் நாள் உள்ளே நடந்து பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. நாலு பேர் படுக்கும் அறைகள் இரண்டு பூட்டிக் கிடந்தன. எட்டுக் கட்டில், மெத்தையெல்லாம் போட்டபடி. போதிய ஆள் இல்லை என்றார் பொறுப்பாளர். இன்னொரு அறையில் ஒரு கட்டில் மூன்று வாரமாகக் காலியாம். அது ஆண்கள் அறை, பட்டியலில் அடுத்து நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். திட்ட ஆவணத்தில் அந்த இல்லத்துக்கு 48 படுக்கை. உண்மையில் மனிதர் படுத்திருக்கக்கூடியவை 40.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் சராசரியாக இரண்டு வருடம் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 40 படுக்கையில் வருடத்துக்கு 20 இடம்தான் காலியாகும். அம்மா பட்டியலில் பன்னிரண்டாவது ஆள், அதனால்தான் ஏழு மாதம். அந்த எட்டும் திறந்திருந்தால் எட்டுப் பேர் உடனே உள்ளே போயிருப்பார்கள், அம்மா நாலாவது ஆள் ஆகியிருப்பார். இரண்டு மாதத்தில், வாக்கரோடு நடந்தே உள்ளே வந்திருப்பார்.

ஆளைக் கூட்டுவதும் லேசான வேலை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், ஓர் ஆள் எந்நேரமும் நிற்க நாலு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். கட்டடம் கட்டும்போதே இந்த ஐந்து பேரின் சம்பளத்துக்கு வழி செய்யாமல் கட்டில் வாங்கிப் போடுவதில் என்ன பயன்?

அப்புறம், 60 வயது தாண்டியவர்களின் தலையை எண்ணி, இத்தனை பேருக்கு இத்தனை படுக்கை என்று திட்டம் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவின் அறையில் நாலு பேருமே 80-ஐத் தாண்டியவர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2020-க்கும் 2050-க்கும் இடையில் 80 தாண்டியவர்கள் மூன்று மடங்காகி 42.6 கோடி ஆவார்கள். எண்ண வேண்டியது அவர்களை. பட்டியலில் நிற்பவரை மறுபடி மதிப்பிடவும் ஆள் வேண்டும். அம்மா 65-லிருந்து 35-க்கு இறங்கியது சேர்ந்த நாள்வரை யாருடைய தாளிலும் ஏறவில்லை.

இதையெல்லாம் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். பூட்டிய அறைகளில் ஒன்றை இரண்டு தனி அறைகளாகத் தடுக்கிறார்களாம், அதற்கு மட்டும் ஆள் எடுத்துவிட்டார்கள். ஆவணத்தில் 48 என்பது 46 ஆகும், நிஜத்தில் 40 என்பது 42 ஆகும். தனி அறை என்றால் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம், தொற்று வந்தாலும் நாலு பேருக்குப் பரவாது. படுக்கையைக் குறைக்கிறார்களே என்று குடும்பத்தினர் சிலர் கோபப்பட்டார்கள். நான் ஆதரித்துக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு அறை பூட்டியேதான் இருக்கிறது. போகும் ஒவ்வொரு முறையும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெயர் கொடுக்கப் போகிறவர்கள் எத்தனை படுக்கை என்று கேட்க வேண்டாம். இன்று இரவு எத்தனை பேர் தூங்குகிறார்கள், போன வருடம் எத்தனை இடம் காலியானது, பட்டியலில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேளுங்கள். வீட்டில் உடல்நிலை மாறினால் உடனே மறு மதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்து, கொடுத்த தேதியோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை.