கொட்டிலில் கிடந்த பாய்ப்படகு: எந்த பெயின்ற், எந்த ரெசின்?

வாடைக்கு முன் முல்லைத்தீவு நாயாற்றுப் பக்கம் ஒரு பனையோலைக் கொட்டிலில் ஏற்றி வைத்த படகு, ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. 20 அடி ஃபைபர், ஒற்றைப் பாய்மரம், பின்னுக்குச் சின்னதாய் ஒரு என்ஜின். கனடாவிலிருந்து மச்சான் வருகிறான், கரையோரமாகத் திருகோணமலை வரை ஓடிப் பார்க்க ஆசையாம். முல்லைத்தீவிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 90 கிலோமீற்றர், பாயில் போனால் வளைந்து வளைந்து அதைவிடக் கூட. அதற்குள் எதை வாங்குவது, எதை விடுவது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்பாகத்துப் பெயின்ற். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிப்பதில் இரண்டு ரகம் உண்டு, இரண்டிலும் வேலை செய்வது செம்புதான். ஒன்று கடினமாக நிற்பது. செம்பு கசிந்து போனாலும் பூச்சு அப்படியே இருக்கும், தேய்த்துக் கழுவலாம். ஆனால் படகை மாதக்கணக்கில் கரையில் காயவிட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு வலுவிழந்துவிடும், மறுபடி அடிக்காமல் இறக்குவதில் பிரயோசனமில்லை. வருடா வருடம் அடித்தால் தோலும் தடித்துக்கொண்டே போகும். மற்றது ஓடஓடத் தானே கரைந்து உள்ளிருக்கும் புதுச் செம்பை வெளிக்காட்டுவது. கரையில் கிடந்தாலும் பெரும்பாலானவை கெடாது, இறக்கும்போது லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். அதன் பலவீனம் மணல். இழுத்து ஏற்றினால் நாலு நாளில் உரிந்துவிடும்.

ஆகவே கடலைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், படகு இரவில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். எங்கள் படகு சீசன் முழுக்கக் களப்பில் நங்கூரத்தில் நிற்கும், மிச்சக் காலம் கொட்டிலில், அதனால் கரையும் ரகம். (முகத்துவாரம் மண் மூடினால் படகு உள்ளேயே அகப்பட்டுவிடும், அது வேறு கதை.) பக்கத்து வாடிக்காரர் தன் போட்டைத் தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிறவர், அவருக்கு இரண்டுமே தேவையில்லை, காய்கிற அடியில் பாசி பிடிக்காது. யாராவது கொட்டிலில் கிடந்த பழைய பெயின்றைச் சும்மா தந்தால் மட்டும் தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளீயச் சேர்மம் கலந்த ரகம் 2008 இலிருந்து சர்வதேச உடன்படிக்கையால் தடை.

ஃபைபர் கீறலை ஒட்டும் ரெசின் விஷயத்தில்தான் போன வருடம் நான் கைசுட்டுக்கொண்டேன். அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஒரு கீறல். ஈரம் காயும் முன்னமே, சரியாகத் தேய்க்காமல், பொலியெஸ்டர் ரெசினும் வெட்டிழை விரிப்பும் (துண்டு துண்டாக வெட்டிய கண்ணாடி இழை) வைத்து ஒட்டினேன். ஆடிமாதம் அது ஓரத்தில் கிளம்பி அப்பம் மாதிரிக் கையோடு வந்தது. இந்த முறை படகு கட்டும் ஓடாவி ஐயா சுத்தியலின் கட்டைப் பிடியால் அடியைத் தட்டிக்கொண்டு போனார். டொக், டொக், டொக், அப்புறம் பொத்.

“தம்பி, இதிலதான் உள்ளுக்கை அடுக்கு விட்டிருக்கு. தட்டிப் பாராமல் பெயின்ற் அடிச்சு மூடாதையும்.”

பொலியெஸ்டர் மலிவு, இங்கே எந்தப் போட் வேலைக்காரரிடமும் இருக்கும், சுடுகாலத்தில் கடினமாக்கியை (ரெசினை இறுகவைக்கக் கலப்பது) ஒரு வீதமளவுக்குக் குறைத்தால் அடித்து முடிக்க நேரம் கிடைக்கும். நான் நண்பகலில் இரண்டு வீதம் விட்டேன், கோப்பை கையிலேயே புகைந்தது. மற்ற ரெசினான எபொக்சி விலை கூட, கலவை விகிதத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, மெதுவாக இறுகும் கடினமாக்கியைத் தேடி வாங்க வேண்டும். வெட்டிழை விரிப்பில் இருக்கும் பசை எபொக்சியில் சரியாகக் கரையாது, நெய்த துணிதான் வேண்டும். ஆனால் பழைய ஃபைபரில் அது பிடிக்கிற பிடியே வேறு. நீர்மட்டத்துக்குக் கீழே எபொக்சி, மேலே கண்ணுக்குத் தெரிகிற கீறல்களுக்குப் பொலியெஸ்டர் என்று பிரித்துக்கொண்டேன். மாறி வைத்தால் வில்லங்கம், எபொக்சிக்கு மேல் பொலியெஸ்டர் இறுக அடம்பிடிக்கும்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி: கல்வனைஸ் (நாகம் பூசியது) துரு காட்டி முன்கூட்டியே சொல்லிவிடும், துருப்பிடிக்காத எஃகு பளபளவென்று நின்று நுனிப் பிடிக்குள்ளே வெடித்துவிடும். பத்து வருடத்தில் மாற்று என்று பொதுவாகச் சொல்வது அதனால்தான். எஃகுதான் வைத்திருக்கிறேன், ஆனால் பஞ்சை எடுத்து ஒவ்வொரு கம்பியிலும் மேலிருந்து கீழே உருவினேன். ஓரிடத்தில் பஞ்சு சிக்கியது, ஒரு இழை அறுந்திருந்தது. கம்பி மாற்றியாயிற்று.

பாயைப் பொறுத்தவரை புதிது வாங்க அவசரமில்லை. வெயில் துணிக்கு முன்னால் நூலைத்தான் தின்னும். நகத்தால் தையலைச் சுரண்டுங்கள், நூல் பொடிந்தால் திரும்பத் தைத்தால் போதும், துணியே கிழிந்தால்தான் புதிது. எங்கள் பாய்ப்பையில் எலி குட்டி போட்டிருந்ததால் மூலையில் ஒரு ஒட்டும் கூடவே.

என்ஜினில் பெற்றோலை வடிக்காமல் வைத்திருந்தோம், காபரேற்றரில் பிசின் மாதிரிப் பிடித்துவிட்டது, கழற்றிக் கழுவ ஒரு பகல் போயிற்று. இனி வடித்துத்தான் வைப்பேன். கழுவிப் பூட்டி, அடியைத் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி இழுத்தால் இயங்குகிறது, ஆனால் பக்கத்துத் துளையால் குளிர்நீர் பீச்சவில்லை. உடனே நிற்பாட்டி மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன். குளவி கட்டிய மண் பொடியாகக் கொட்டியது, மறுபடி இழுத்ததும் பீச்சிய தண்ணீர் என் சாரத்தை நனைத்தது.