நீதிபதி நியமனம்: செனட் சண்டையா, கோப்புக் கிடப்பா?

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெயரை அதிபர் அறிவித்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு டிவியில் அதுதான் கச்சேரி. 2020 அக்டோபரில் அப்படி அறிவிக்கப்பட்ட ஏமி கோனி பாரெட்டை, நியமனத்தை உறுதி செய்யும் மேலவையான செனட்டின் குழு விசாரித்தபோது, முன்னால் என்ன குறிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பாரெட் தூக்கிக் காட்டியது எதுவும் எழுதாத வெற்றுத் தாள். சிக்கலான கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

இந்தியாவில் அந்த வெற்றுத் தாளைக்கூடப் பார்க்க முடியாது. 1993 தீர்ப்புக்குப் பிறகு, மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம்தான் பெயரைத் தேர்வு செய்கிறது. அரசு திருப்பி அனுப்பலாம்; அதே பெயர் மறுபடி வந்தால் ஏற்க வேண்டும். ஏட்டில் அவ்வளவுதான்.

கட்சிச் சண்டை அமெரிக்காவில் ஒளிவுமறைவில்லாதது. 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஸ்காலியாவுக்கு 98-0 என்று வாக்களித்த அதே செனட், பாரெட்டுக்கு 52-48 என்று பிரிந்தது. நடுவில், விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்ற தடையைக் கீழ் நீதிமன்றங்களுக்கு 2013-ல் ஜனநாயகக் கட்சியும், உச்ச நீதிமன்றத்துக்கு 2017-ல் குடியரசுக் கட்சியும் தூக்கிவிட்டன. அப்புறம் எதிர்க்கட்சியின் தயவு யாருக்கு வேண்டும்?

சரி, வெளிச்சத்தில் நடப்பதால் நியாயமாக நடக்கிறதா? 2016 மார்ச்சில் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை யாரும் தோற்கடிக்கவில்லை. செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி விசாரணைக்கே கூப்பிடவில்லை, 293 நாள் அப்படியே போனது. தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது என்று காரணம் சொன்னார்கள். அதே கட்சி 2020 தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு பாரெட்டை உறுதி செய்தது.

இந்த 'கிடப்பில் போடும்' கலை நமக்குப் புதிதல்ல. வழக்கறிஞர் ஜான் சத்யனை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில் கொலீஜியம் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த கட்டுரையை அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததாக ஆட்சேபம் வந்தது. அது தகுதிக்குக் குறைவல்ல என்று 2023 ஜனவரி 17-ல் மறுபடி அனுப்பிய கொலீஜியம், அன்று பரிந்துரைத்த மற்றவர்களுக்கு முன்பே அவரை நியமிக்கவும் சொன்னது. அந்த மற்றவர்களில் ஒருவர் பா.ஜ.க. மகளிரணிப் பொறுப்பில் இருந்த விக்டோரியா கௌரி. எதிர்ப்பு மனுவை டெல்லியில் உச்ச நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 7-ல் அவர் சென்னையில் பதவியேற்றுவிட்டார். சத்யனுக்கு அழைப்பு வரவில்லை.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முகம் சுளித்துக்கொண்டே செனட்டைத்தான் சொல்வேன். கார்லண்டைத் தடுத்தது நான்தான் என்று அப்போதைய செனட் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் மேடைபோட்டுப் பெருமை பேசினார். சத்யன் கோப்பு எந்த மேசையில் நின்றது என்று கேட்டால், பதில் சொல்லக்கூட ஆளில்லை.