சிட்டுக்குருவிக்கான மரக் கூட்டுப் பெட்டி: வாங்கலாமா?

நல்ல பெட்டிதான், இரண்டு திருத்தங்களோடு. பலகை 15 மி.மீ. கனம், அதனால் உள்ளே சட்டென்று சூடேறாது. அட்டைப் பெட்டி மழையில் ஊறிப்போகும். மரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணில்லை. வாசல் துளை 32 மி.மீ.: சிட்டு நுழையும், மைனா நுழையாது. அது பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 13 செ.மீ. மேலே இருப்பது இன்னும் முக்கியம். பூனையின் கால் குஞ்சுகளை எளிதில் எட்டாது.

வாசலுக்குக் கீழே குச்சி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். சிட்டுக்கு அது தேவையே இல்லை, காகம் உட்காரத்தான் உதவும். கழற்றிவிடுங்கள். அடிப்பலகையில் வடிகால் இல்லை. மூலைக்கொன்றாக 6 மி.மீ. துளை போடுங்கள்.

2 முதல் 4 மீட்டர் உயரத்தில், மதிய வெயில் படாத சுவரில், மின்விசிறியிலிருந்து தள்ளி மாட்டவும். உள்ளே வைக்கோல் திணிக்காதீர்கள். சேவலும் பேடையும் புல்லும் இறகுமாகச் சுமந்து வருவதைப் பார்ப்பதில்தானே பாதி சந்தோஷம்! முட்டையிட்டபின் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும், இன்னும் இரண்டு வாரத்தில் பறந்துவிடும். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். ஒரே பருவத்தில் மறுபடியும் முட்டையிடும் என்பதால் பருவம் முடிந்தபிறகே பழைய கூட்டை அகற்றுங்கள். கீல் வைத்த மூடி அதற்கு வசதி.