தீம் பார்க் வரிசையும் சக்கர நாற்காலியும்: ஒரு பெங்களூரு அனுபவம்

தண்டுவடக் காயத்தால் நடக்க முடியாத தம்பியைப் பள்ளி விடுமுறையில் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகலாமா, வரிசையை எப்படிச் சமாளிப்பது என்று மர்ஃபி டவுனில் இருக்கும் நண்பர் கேட்டார். பெங்களூரைச் சுற்றியுள்ள பார்க்குகளுக்குச் சக்கர நாற்காலியோடு நெடுநாளாகப் போய்வரும் அனுபவத்தில் எழுதுகிறேன். எந்தப் பார்க்கின் பெயரையும் சொல்லப்போவதில்லை. டிக்கெட் விலை, ரைடுகளின் பட்டியல் எல்லாம் அவரவர் இணையதளத்தில் கிடைக்கும்.

ஊழியர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். நாற்காலியைப் பார்த்ததும் எக்ஸிட் பக்கம் கை காட்டுகிறார்கள். காட்டாவிட்டால் "எக்ஸிட் கடெயிந்த ஒளகெ பிடி சார்" (எக்ஸிட் பக்கமாக உள்ளே விடுங்கள் சார்) என்று கன்னடத்தில் ஒரு தடவை கேட்டால் போதும், முகம் சுளிக்காமல் கம்பியைத் திறந்துவிடுகிறார்கள். தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் இரண்டு பேர் ஓடிவருகிறார்கள். எங்கே பிடித்துத் தூக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால் அக்குளில் கை கொடுத்து இழுக்கிறார்கள். தோள்பட்டை பலவீனமாக உள்ளவர்களுக்கு அது ஆபத்து. ஒருவர் பின்னாலிருந்து மார்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே இரு கையும் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எக்ஸிட் வழி ஏன் தேவைப்படுகிறது? பொது வரிசை, இரும்புக் குழாய் நட்டு வளைத்து வளைத்துக் கட்டியது. பதினெட்டு அங்குல இருக்கை உள்ள சாதாரண மடக்கு நாற்காலி, சக்கர வளையத்தோடு சேர்த்து 65 சென்டிமீட்டர் அகலம். கால் தாங்கியோடு நீளம் 105 வரை வரும். நேர் பாதையில் எப்படியோ உரசிக்கொண்டு போய்விடலாம். மாட்டிக்கொள்வது திருப்பத்தில். நாற்காலி ஒரு முழுச் சுற்று திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும் என்பது நம் நாட்டு அணுகல் வழிகாட்டியிலேயே இருக்கும் அளவு. குழாய் வரிசையின் வளைவில் அதில் பாதிதான் இருக்கும். கால் தாங்கியின் நுனி எதிர்க் குழாயில் இடிக்கும். பின்னால் வர இடமில்லை, ஆட்கள் நெருக்கி நிற்பார்கள். தள்ளுபவர் பின்பக்கக் கம்பியைக் காலால் மிதித்து, முன் சக்கரங்களைத் தூக்கி, பின் சக்கரத்திலேயே நாற்காலியைத் திருப்பியாக வேண்டும். ஒரு வளைவுக்குச் செய்யலாம். எட்டு வளைவுக்கு யாராலும் முடியாது.

ஆகவே எக்ஸிட். நான் கோபப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில்.

எக்ஸிட் என்பது ஆட்கள் இறங்கி வெளியே போகக் கட்டிய ஒரு வழிப்பாதை. அங்கே காத்திருக்க இடமோ கூரையோ கிடையாது. முக்கியமாக, முறை என்ற ஒன்றே கிடையாது. ரைடை இயக்குபவர் நம்மைப் பார்த்து, "அடுத்த ரவுண்ட்" என்று விரல் காட்டுவார். அடுத்த ரவுண்டில் பொது வரிசைக்காரர்கள் ஏற்கெனவே இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அவரும் என்ன செய்வார், ரைடைச் சீக்கிரம் கிளப்பச் சொல்லி மேலிருந்து நெருக்குவார்கள்; நம்மை ஏற்றிப் பாதுகாப்புப் பட்டை போட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். ஆள் குறைவான நாளில் ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடுகிறவரே ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் நிறுத்திவைக்கிறார். இதற்குள் தள்ளாடி இறங்கி வரும் கூட்டம் நாற்காலியை இடித்துக்கொண்டு போகும். பொது வரிசையில் நிற்பவர்களோ, குறுக்கே நுழைகிறோம் என்று நினைத்து முறைப்பார்கள்.

எத்தனை நிமிடம் என்று தெரியாமல் காத்திருப்பது சிலருக்கு வெறும் சலிப்பு அல்ல. தண்டுவடக் காயத்தில், காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது. ஏப்ரல் வெயிலில் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். அழுத்தப் புண் வராமலிருக்க பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைத் தூக்கியோ சாய்ந்தோ எடையை மாற்ற வேண்டும். இடிபாட்டுக்கு நடுவே அது நடக்காது. குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையைக் கட்டியிருப்பவர் எப்போது காலி செய்வது என்று கணக்குப் போட முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு "இன்னும் கொஞ்ச நேரம்" என்பதற்கு அர்த்தமே இல்லை. பத்து நிமிடம் என்றால் டைமரில் காட்டிப் புரியவைக்கலாம்.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டுபிடித்து வெகுநாளாகிறது. அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 2013 அக்டோபரில் கொண்டுவந்த முறையில், வரிசை நாற்பது நிமிடம் என்றால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை நிழலிலோ கழிவறையிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ இருக்கலாம். யாரையும் முந்துவதில்லை, அதனால் யாரும் முறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பிருந்த, நேராக உள்ளே விடும் அட்டையைச் சிலர் காசு கொடுத்து மாற்றுத்திறனாளியை வழிகாட்டியாக அமர்த்திப் பயன்படுத்திய செய்தி வெளிவந்த பிறகுதான் இது வந்தது. 2024இல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று இதையும் சுருக்கிவிட்டார்கள்; அங்கே அதை எதிர்த்துச் சண்டை நடக்கிறது. ஆனாலும் அங்கே புதிதாகக் கட்டும் ரைடுகளின் பொது வரிசை நாற்காலி போகும் அகலத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இங்கே கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை, தனிக் கைப்பட்டை, தனி நுழைவு எல்லாம் இருக்கின்றன. காத்திருப்பை ஒழுங்கு செய்யத் தெரியாமல் இல்லை. நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பேனா. "12.40க்கு வாங்க" என்று எழுதிக் கொடுத்தால் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்தேதான் பேசுகிறது. விதிகளில் வெறும் பரிந்துரையாக இருந்த அணுகல் அளவுகோல்களைக் கட்டாயமாக்கும்படி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் ரைடை இயக்குபவரின் மனநிலையை நம்பித்தான் ஏற வேண்டியிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யூடிஐடி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம், ஹீமோஃபிலியா, தலசீமியா போன்றவை பார்த்ததும் தெரிவதில்லை. நாற்காலி இல்லாமல் எக்ஸிட்டில் நின்றால் முதல் கேள்வி "யாருக்கு?" என்பதுதான். டிக்கெட் கவுன்ட்டரிலேயே அட்டையைக் காட்டி, கைப்பட்டையில் ஏதாவது அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரைடிலும் விளக்க வேண்டியிருக்காது.

சில ரைடுகளில் ஏற்ற மறுப்பார்கள். அதில் எல்லா மறுப்பும் அநியாயம் இல்லை. தொடை மேல் அழுத்தும் பட்டை, தொடை இருந்தால்தான் பிடிக்கும். 2011இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு ரோலர் கோஸ்டரில் இரு காலும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் தூக்கியெறியப்பட்டு இறந்தார். பாதி உயரத்தில் நின்றுபோகும் ரைடிலிருந்து படி வழியே இறக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு காரணம். மறுத்தால், பட்டை காரணமா, இறக்கும் வழி காரணமா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை, "ரூல்ஸ்" என்று மட்டும் சொன்னால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாம்.

ஏறும்போது எக்ஸிட்டுக்கு மிக அருகிலுள்ள இருக்கையைக் கேளுங்கள். கைத்தாங்கி மேலே மடங்கும் நாற்காலியாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். நிலையான கைத்தாங்கி என்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். பிரேக்கை இரு பக்கமும் போட்ட பிறகே நகருங்கள். டயர் ஈரமாக இருந்தால் பிரேக் வழுக்கும், பின்னால் ஒருவர் பிடித்திருக்கட்டும். சிறுநீர்ப் பையை ஏறுவதற்கு முன் காலி செய்து, குழாய் பட்டைக்கு அடியில் மடங்கவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் போவதென்றால் அலைக்குளம்தான் சிறந்தது, தரை சரிவாக இறங்கும். முன் சக்கரத்தின் பேரிங்கில் குளோரின் தண்ணீர் புகுந்தால் சில வாரத்தில் துரு பிடித்துக் கரகரக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் வையுங்கள். ஃபோம் மெத்தையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். ஈர மெத்தையில் உட்கார்ந்தால் தோல் உரியும். பெரிய கழிவறை இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அதன் கதவைத் திறந்து பார்த்துவிடுங்கள். உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், இத்தனை நல்ல ஊழியர்கள் இருந்தும் பள்ளி விடுமுறையில் போகாதீர்கள். முழு டிக்கெட்டுக்குக் கிடைக்கும் ரைடு எண்ணிக்கையைப் பார்த்தால் வயிறு எரியும். பள்ளி நடக்கும் மாதத்தில் செவ்வாயோ புதனோ போங்கள். கதவு திறந்த முதல் மணி நேரத்தில் உயர ரைடுகளை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம் சாயும், அப்போது விட்டுப்போனவற்றுக்குத் திரும்பலாம். கிளம்பும்போது கருத்துப் படிவம் கேட்டு வாங்கி, நேரம் எழுதிய சீட்டு வேண்டும் என்ற ஒன்றை மட்டும் எழுதுங்கள். நானும் அதையேதான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.