குட்டை ஆண்டெனாவும் ஒரு முழ ஒயரும்: இரண்டு வருட அனுபவம்

ரயில், விமான ரேடியோ பேச்சைக் கேட்கும் கையடக்க ஸ்கேனரைச் சட்டைப் பையில் போட்டால் ஆண்டெனா தாடையில் இடிக்கும். இடுப்பில் மாட்டிக் காரில் உட்கார்ந்தால் விலாவில் குத்தும். என்னிடம் இருப்பது யூனிடன் பிசி125ஏடி. அமெரிக்காவின் இலினாயில் உள்ள ரோஷெல் ரயில் பூங்காவுக்கு அடிக்கடி போவேன். யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் என்ற இரண்டு ரயில் நிறுவனங்களின் தண்டவாளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம்.

முதலில் செய்தது சுத்த முட்டாள்தனம். கூட வந்த ரப்பர் ஆண்டெனாவின் நுனியில் நாலு விரற்கடை நறுக்கினேன். உள்ளே நேர்க்கம்பி இல்லை, ஸ்பிரிங் மாதிரி சுற்றிய கம்பி. நாலு விரலோடு பல சுற்றுகள் போய்விட்டன. அங்கே ரயில்காரர்கள் பேசும் 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வெறும் இரைச்சல்தான். கேட்க மட்டுமான கருவி என்பதால் எதுவும் எரியவில்லை.

அப்புறம் கட்டைவிரல் நீளக் குட்டை ஆண்டெனா ஒன்று வாங்கி எட்டு மாதம் ஓட்டினேன். தூக்கிப் போக சுகம். பக்கத்தில் வந்துவிட்ட ரயிலின் பேச்சும் கணீரென்று கேட்டது. சிக்கல், ஓடும் ரயிலில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் பாதையோர டிடெக்டரில். ரயில் கடந்ததும் அது ரேடியோவில் இயந்திரக் குரலில் "நோ டிஃபெக்ட்ஸ்" என்று சொல்லி அச்சு எண்ணிக்கையும் சொல்லும். முன்பெல்லாம் அதைக் கேட்டபின் காபியை மூடிவைத்துக் கேமராவை எடுக்க நேரம் இருக்கும். குட்டையில் "டோட்டல் ஆக்சில்ஸ்" வரை கரகரக்கும், எண் வராது. அதற்குள் எஞ்சின் விளக்கே தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. 161 மெகாஹெர்ட்ஸில் ஆண்டெனாவுக்கு ஏற்ற நீளமான கால் அலைநீளம் 46.5 செ.மீ. பூக்காரம்மா அளக்கும் ஒரு முழம். அதைக் குறைத்தால் எங்காவது விலை கொடுக்கத்தான் வேண்டும். சரி, குறைக்காமல் மடக்கலாமே என்று ஸ்கேனரில் மாட்டும் பிஎன்சி முனையில் ஒரு முழம் மெல்லிய ஒயரைப் பற்றவைத்தேன். சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கும். கேட்கும்போது ஸ்கேனர் பையில், ஒயர் நுனி தொப்பியில் கிளிப் போட்டு. பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், டிடெக்டரின் எண் முழுசாகக் கேட்கிறது.

நாலாவது மாதம் பற்றவைத்த இடத்திலேயே ஒயர் முறிந்தது. சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் இரண்டு அடுக்குப் போட்டேன், இன்றுவரை தாங்குகிறது. குட்டையையும் தூக்கிப் போடவில்லை. விமானம் பார்க்கப் போனால் அதுதான். தலைக்கு மேலே பறக்கிறவனைக் கேட்க அது தாராளம்.